சைக்கிள் வைத்தியம்

காலாண்டுப் பரீட்சை விடைத்தாள்கள் 43-ஐ ஒரு கட்டாகக் கட்டி, அதன் மேல் சாப்பாட்டுப் பாத்திரத்தையும் வைத்து, டவுன் பஸ்ஸில் ஆசனத்தின் அடியில் வெகு பத்திரமாகச் சேர்த்துவிட்டு, இறங்குகிற சமயத்தில் பாத்திரத்தை மாத்திரம் எடுத்துக்கொண்டு இறங்கிய கணக்கு உபாத்தியாயர், தஞ்சைச் சீமையில் நம்மைத் தவிர வேறொருவர் இருக்கக்கூடும் என்று நாம் நினைக்கவில்லை. கட்டு மூன்றாம் நாள் பஸ் டெப்போவில் அகப்பட்டது. அதற்குள் தலைமை ஆசிரியரிடமிருந்து நமக்கு ஒரு மெமோவும் அகப்பட்டது. "கவனக் குறைவு" என்று அதில் கண்டிருந்தது. அந்த வார்த்தை நமக்குப் புதிதல்ல. மூன்றாம் வகுப்பு முன்னேற்ற அறிக்கையில் அது இருந்தது. நாம் சர்வகலாசாலையில் வாசித்த காலத்தில் நமது தந்தையார் விடுதிக்கு எழுதிய கடிதங்களில் மாதந்தோறும் இருந்தது. கலியாணமான புதிதில் நம் இல்லாள் அதைச் சொல்லத் தயங்கினாள், பிறகு தயங்கவில்லை.

ஆனால் கவனம் என்பதே நம்மிடம் இல்லை என்று யாராவது சொன்னால் அதை நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம். க்ஷேத்திர கணிதத்தில் சிக்கலான கணக்கு ஒன்று கையில் கிடைத்துவிட்டால் இரவு இரண்டு மணி வரையில் அன்னம் ஆகாரம் நினைவின்றி உட்கார்ந்திருப்போம். அதே மேஜையின்மேல், கட்ட வேண்டிய மின்சாரப் பில் தவணை கடந்து கிடக்கும். கவனம் இருக்கிறது, அது நம்முடைய உத்தரவுக்குக் கட்டுப்படுவதில்லை, அவ்வளவுதான். அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டி போல் தனக்கு இஷ்டமான இடத்தில் மேய்கிறது. ஒரு காரியத்தை ஆரம்பிக்க வேண்டும் என்று தெரியும். ஆரம்பிக்க வேண்டும் என்ற ஆசையும் உண்டு. ஆனாலும் நாற்காலியிலேயே உட்கார்ந்து ஒரு மணி நேரம் அந்தக் காரியத்தைப் பார்த்துக்கொண்டே இருப்போம். இதைச் சோம்பல் என்று பிறர் சொன்னார்கள். நாமும் அப்படித்தான் நம்பிவந்தோம்.

விடைத்தாள் விவகாரத்தோடு நின்றிருந்தால் நாம் வைத்தியரிடம் போயிருக்க மாட்டோம். அதே மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு, பாட்டு வகுப்பிலிருந்து நம் பெண்ணை அழைத்து வர வேண்டியவர் நாம். அவளுக்கு அப்போது பத்து வயது. வழியில் பழைய புத்தகக் கடை ஒன்று இருக்கிறது. இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. நாம் போய்ச் சேர்ந்தபோது மணி எட்டேகால். குழந்தை பாட்டு வாத்தியாரம்மாளின் வீட்டுத் திண்ணையில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. "அப்பா வருவீங்கன்னு தெரியும். எப்போன்னுதான் தெரியலை" என்றாள்.

இல்லாள் அன்று இரவு ஒன்றும் பேசவில்லை. காலையில் காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "என்னங்க, ஒரு டாக்டரைப் பார்த்துடலாமா?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் நாம் மறுத்திருப்போம்.

திருச்சியில் ஒரு மனநல வைத்தியரைப் பார்த்தோம். அவர் நம்மைக் காட்டிலும் பத்து வயது இளையவர். நமது பால்ய காலத்தை அறிந்தவர் யாரையாவது அழைத்து வரும்படி சொன்னதால் தாயாரையும் உடன் கொண்டு போயிருந்தோம். "சின்ன வயசில் எப்படிம்மா இருப்பார்?" என்று அவர் கேட்டதுதான் தாமதம், நமது தாயார் எழுபத்தைந்து வயதுக்கு உரிய களைப்பையெல்லாம் மறந்து முக்கால் மணி நேரம் சாக்ஷி சொன்னார்கள். நாம் ஓர் இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை என்பதும், ஒரே வருஷத்தில் ஐந்து குடை தொலைத்தோம் என்பதும் அன்றைக்கு நம் இல்லாளின் முன்னிலையில் பதிவாயின. வைத்தியர் தைராயிடு பரிசோதனை செய்வித்தார். தூக்கம் எப்படி, மனச்சோர்வு உண்டா என்று விசாரித்தார். இவற்றில் குறையிருந்தாலும் இதே போன்ற மறதியும் தடுமாற்றமும் வரக்கூடுமாம். எல்லாம் முடிந்தபின் நோயின் பெயரைச் சொன்னார்: ஏ.டி.எச்.டி. தமிழில் கவனச் சிதறலும் மிகைத் துடிப்பும் என்று சொல்லலாம்.

"அது குழந்தைகளுக்கு வருவதல்லவா?" என்று கேட்டோம். வெகு காலம் வைத்தியர்களே அப்படித்தான் எண்ணியிருந்தார்கள் என்றார். லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை வைத்தியர், 1902-ல் செய்த பிரசங்கங்களில் இத்தகைய பிள்ளைகளை வர்ணித்து, இவர்கள் புத்தியில் குறைந்தவர்கள் அல்லர் என்று எடுத்துக் காட்டினார். வளர்ந்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை மாத்திரம் நெடுநாள் நீடித்தது. பெரியவர்களிடத்திலும் இது தொடர்கிறது என்பது பின்னர்தான் நிலைபெற்றது. அமெரிக்க மனநல வைத்தியர்கள் 2013-ல் வெளியிட்ட கையேட்டில், 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு ஆறு அடையாளங்களுக்குப் பதில் ஐந்து இருந்தால் போதும் என்று விதித்தார்கள். ஆனால் பன்னிரண்டு வயதுக்கு முன்பே சில அடையாளங்கள் தோன்றியிருக்க வேண்டும் என்பதை விட்டுவிடவில்லை. நாற்பது வயதில் திடீரென்று முளைக்கும் மறதி இந்தக் கணக்கில் சேராது. ஆகையால்தான் நமது தாயாருக்கு அத்தனை மரியாதை கிடைத்தது.

வைத்தியர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதன் பூர்வோத்தரத்தை விசாரித்தபோது ருசிகரமான சங்கதிகள் கிடைத்தன. அமெரிக்காவில் சார்லஸ் பிராட்லி என்ற வைத்தியர் 1937-ல் தமது ஆஸ்பத்திரியிலிருந்த 30 குழந்தைகளுக்கு பென்ஸிட்ரின் கொடுத்துப் பார்த்தார். அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் பாடத்தில் ஆச்சரியமாக முன்னேறினார்கள். குழந்தைகள் அதற்குக் கணக்கு மாத்திரை என்று பெயர் வைத்துவிட்டார்களாம்! கணக்கு உபாத்தியாயர் என்ற முறையில் நமக்கு அதில் ஒரு தனி சந்தோஷம். நாம் சாப்பிடுவது அதுவல்ல. 1944-ல் ஸ்விட்ஜர்லாந்தில் பானிஸ்ஸோன் என்ற ரஸாயன சாஸ்திரி தயாரித்த மெதில்பெனிடேட். அவருடைய மனைவி ரீட்டா டென்னிஸ் ஆடப் போகுமுன் அதைச் சாப்பிட்டுப் பார்த்தாள் என்றும், ரிட்டலின் என்ற பெயரே அவளால் வந்தது என்றும் சொல்லுகிறார்கள்.

டென்னிஸ் பேச்சு வந்ததனாலோ என்னவோ, "ஸார், நீங்கள் எப்போதாவது விளையாடியதுண்டா?" என்று வைத்தியர் கேட்டார். யோசித்துப் பார்த்தோம். கல்லூரியில் வாசித்த வருஷங்களில் தினம் மாலை கபடி ஆடினோம். விடுதிக்கும் வகுப்புக்குமாக நாலைந்து மைல் நடந்தோம். நமது வாழ்நாளில் ஓரளவு ஒழுங்காகக் காரியம் செய்த காலமும் அதுதான். பிறகு உத்தியோகம் வந்தது, ஸ்கூட்டர் வந்தது, தொந்தியும் வந்தது. சில வருஷங்களாக நமது கால்கள் மேஜைக்கும் கரும்பலகைக்கும் இடையே உள்ள ஐந்தடியைத் தவிர வேறு தேசாந்தரம் கண்டதில்லை. "மாத்திரையோடு தேகாப்பியாசமும் சேர வேண்டும். மாத்திரைக்குப் பதிலாக அல்ல, அதற்குத் துணையாக" என்று சொன்ன வைத்தியர், நமது இரத்த அழுத்தத்தையும் நாடியையும் பார்த்துக் குறித்துக்கொண்டார். இந்த மாத்திரை அவை இரண்டையும் சற்று உயர்த்தக்கூடும். ஆகையால் நாற்பது கடந்தவர்கள் வைத்தியரைக் கேளாமல் திடீரென்று பீமசேனனாக முயல்வது உசிதமன்று.

தேகத்தை ஆட்டினால் மனம் எப்படி நிற்கும்? நமக்கும் இந்தச் சந்தேகம் இருந்தது. நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளைப் பகுதி, ஒரு காரியத்தைத் தொடங்கவும், வேண்டாததை விலக்கவும், தொடங்கியதைப் பிடித்துக்கொண்டிருக்கவும் நமக்கு உதவுகிறது. அங்கே டோபமைன், நார் அட்ரினலின் என்ற இரண்டு ரஸாயனங்கள் தூது செல்லுகின்றன. மெதில்பெனிடேட் செய்கிற வேலை, அந்தத் தூதர்கள் சீக்கிரமாக வீடு திரும்பிவிடாமல் சற்று நிறுத்தி வைப்பது. மூச்சு வாங்கும்படி நடந்தாலும், ஓடினாலும், சைக்கிள் மிதித்தாலும், அதே தூதர்கள் அதிகமாகப் புறப்படுகிறார்கள் என்பது சாஸ்திரிகளின் கருத்து.

ஆராய்ச்சிகள் சொல்வதையும் கூட்டாமல் குறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஜெர்மனியில் 2019-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், இந்தக் குறையுள்ள பெரியவர்கள் 23 பேரும், இல்லாதவர்கள் 23 பேரும் ஒரு நாள் அரை மணி நேரம் நின்ற இடத்துச் சைக்கிளை மிதித்தார்கள். மற்றொரு நாள் சும்மா உட்கார்ந்து படம் பார்த்தார்கள். பிறகு கவனப் பரீட்சை நடந்தது. சைக்கிள் மிதித்த நாளில் குறையுள்ளவர்கள் வேகமாக விடையளித்தார்கள். மற்றவர்களுக்கு வித்தியாசம் தென்படவில்லை. இதைப் படித்ததும் நமக்கு உற்சாகம் பிறந்தது. ஆனால் அமெரிக்காவில் ஜார்ஜியா சர்வகலாசாலையில் 2016-ல் 32 வாலிபர்களை 20 நிமிஷம் சைக்கிள் மிதிக்கச் செய்தபோது, அவர்களுடைய கவனப் பரீட்சை மார்க்குகள் உயரவில்லை. உயர்ந்தது வேறொன்று: எதிரே இருக்கிற வேலையைச் செய்ய வேண்டும் என்ற மனம். களைப்பும் குழப்பமும் குறைந்து, உற்சாகம் மிகுந்ததாகவும் அவர்கள் சொன்னார்கள். பெரியவர்களைப் பற்றிய ஆராய்ச்சிகள் இன்னும் சொற்பம். அவற்றிலும் பல ஒரே ஒரு நாள் அப்பியாசத்தைப் பற்றியவை. பிரிட்டனில் 2018-ல் வெளியிட்ட வைத்திய விதிகளில், நல்ல உணவையும் தவறாத அப்பியாசத்தையும் வற்புறுத்தினார்களேயன்றி, மருந்தை ஒதுக்கிவிடும்படி சொல்லவில்லை. "ஓடி ஆடுகிறவனுக்கு இந்த நோய் ஏது?" என்று கேட்ட சக ஆசிரியர் ஒருவருக்கு, ஒலிம்பிக்கில் 23 தங்கப் பதக்கம் வாங்கிய நீச்சல் வீரர் மைக்கேல் பெல்ப்ஸுக்குச் சிறு வயதிலேயே இதே நோய் என்று தீர்மானித்திருந்தார்கள் என்பதைச் சொன்னோம். நீந்தியதனால் அது போய்விடவில்லை.

இனி நமது பிரதாபத்தைச் சொல்லுகிறோம். தேகாப்பியாசம் செய் என்று மற்ற நோயாளிகளுக்குச் சொல்வதில் ஒரு நியாயம் உண்டு. நமக்கோ ஆரம்பிப்பதும் விடாமல் தொடர்வதும்தான் நோயே! முடவனைப் பார்த்து, மலை உச்சியில் உன் ஊன்றுகோல் இருக்கிறது, போய் எடுத்துக்கொள் என்பது போல் இருந்தது. முதல் வாரம் விடியற்காலை நடை. இரண்டாம் நாளே வழியில் ஒரு கோயிற் கல்வெட்டைப் படிக்க நின்றுவிட்டோம். அடுத்தபடி உடற்பயிற்சிக் கூடத்தில் மூன்று மாதச் சந்தாவை முன்பணமாகக் கட்டி, நாலு நாள் போனோம். யோகாசனத்துக்காக வாங்கிய விரிப்பின்மீது இப்போது மிளகாய் காய்கிறது. உயர்ந்த விலையில் வாங்கிய ஜோடு எங்கே இருக்கிறது என்று இல்லாளைத்தான் கேட்க வேண்டும்.

நம்மைக் கடைத்தேற்றியவர் நம் பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர். உடற்கல்வி ஆசிரியர் என்று இப்போது கௌரவமாகச் சொல்லுகிறோம்; ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் டிரில் மாஸ்டர் என்றுதான் வாயில் வருகிறது. நமது கதையைக் கேட்டுவிட்டு, "ஸார், பயிற்சி என்று தனியாக வைத்தால் மறந்துபோவீர்கள். பள்ளிக்கூடம் வர மறக்க முடியுமா? ஸ்கூட்டர் சாவியை வீட்டில் அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். சைக்கிளில் வாருங்கள்" என்றார். எவ்வளவு எளிய யோசனை! வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் ஏழு கிலோமீட்டர். வாய்க்கால் ஓரமாகவே சாலை போகிறது. போக 28 நிமிஷம், வர 28 நிமிஷம். வாரத்தில் ஐந்து நாளைக்கு 280 நிமிஷம் ஆகிறது. உலக சுகாதார ஸ்தாபனம் 2020-ல் பெரியவர்களுக்கு விதித்தது, மிதமான உழைப்பானால் வாரத்தில் 150 முதல் 300 நிமிஷம் வரை. மிதமானது என்பதற்கு அடையாளம், பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது என்பது. பாலம் ஏறும் இடத்தில் நம்மால் பேசவும் முடிவதில்லை.

முதல் பத்து நாள் முழங்கால் வலியைத் தவிர வேறு பலன் இல்லை. அதன் பிறகு ஒரு நாள், முதல் பீரியட் மணி அடித்ததும் வருகைப் பதிவேட்டைத் திறந்து, பெயர்களைக் கூப்பிட்டு, மூடி வைத்துவிட்டுப் பாடத்தைத் தொடங்கினோம். மற்ற உபாத்தியாயர்கள் இதைப் படித்துச் சிரிப்பார்கள். இதில் என்ன அதிசயம் என்பார்கள். பதிவேட்டைத் திறந்தவுடன் வேறு எதையோ நினைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்து நிற்கிறவனுக்குத்தான் இதன் அருமை தெரியும். சைக்கிளை விட்டு இறங்கிய பின் ஒரு மணி அல்லது ஒன்றரை மணி நேரம் மனம் கூப்பிட்ட குரலுக்கு ஏனென்று கேட்கிறது. அந்த நேரத்தில் விடைத்தாள் திருத்துவது, படிவங்களைப் பூர்த்தி செய்வது முதலிய கசப்பான வேலைகளை வைத்துக்கொள்கிறோம். பகல் சாப்பாட்டுக்குப் பின் பழைய கதைதான். இரவுத் தூக்கம் நன்றாக வருகிறது. மறுநாள் பாதி உபகாரம் அதனால்தான் என்று தோன்றுகிறது. சாவிகள் வழக்கம்போல் தொலைகின்றன. சைக்கிளையே ஒரு நாள் அரிசிக் கடை வாசலில் விட்டுவிட்டு நடந்து வந்துவிட்டோம். மாத்திரையை நிறுத்தவில்லை. ஒரு முறை, இரண்டு வாரம் நன்றாயிருந்த கர்வத்தில், நாமாகவே அதை நிறுத்திப் பார்த்தோம். தலைமை ஆசிரியரின் இரண்டாவது மெமோ அந்த வாரத்தில் வந்தது.

இதையெல்லாம் சொன்னவர்கள் இன்னொன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும். டிரில் மாஸ்டரின் பீரியடைக் கடன் வாங்காத கணக்கு உபாத்தியாயர் உண்டா? "போர்ஷன் முடியவில்லை, இன்றைக்கு மட்டும்" என்று கேட்போம். அவர் ஒன்றும் சொல்லாமல் பந்தைக் கொண்டுபோய் அறையில் வைத்துப் பூட்டுவார். வாரத்துக்கு ஒன்று, வருஷத்துக்கு முப்பது என்று வைத்துக்கொண்டாலும் இருபது வருஷத்தில் 600 பீரியட். சைக்கிள் யோசனை சொன்ன அன்றைக்கு அவர் இதைச் சொல்லிக் காட்டியிருக்கலாம், சொல்லவில்லை.

பன்னிரண்டு வருஷங்களுக்கு முன் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். பெஞ்சியில் அவன் முழுதாக உட்கார்ந்து நாம் பார்த்ததில்லை. கணக்கில் விடை சரியாயிருக்கும், வழி எழுதியிருக்க மாட்டான். நோட்டுப் புத்தகம் கொண்டுவரத் தவறிய ஒவ்வொரு முறையும், மற்றப் பிள்ளைகள் மைதானத்துக்குப் போகும்போது அவனை வகுப்பிலேயே உட்கார வைத்து, பெருக்கல் வாய்பாடு எழுதச் சொல்லுவோம். ஜன்னல் வழியாகப் பந்தைப் பார்த்துக்கொண்டு, காலை ஆட்டியபடி எழுதுவான். "காலை ஆட்டாதே" என்று அதற்கும் ஓர் அதட்டல் போடுவோம். அவனுக்கு இந்த நோய் இருந்ததா என்று தீர்மானிக்க நாம் வைத்தியர் அல்ல. ஆனால் பசித்தவன் சாப்பாட்டைப் பிடுங்கிக்கொண்டு, ஏன் சோர்ந்து போகிறாய் என்று அதட்டினோமோ என்ற எண்ணம், பாலம் ஏறும்போதெல்லாம் வருகிறது. பத்தாம் வகுப்பில் தேறாமல், பிறகு திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான் என்று அவன் தகப்பனார் சொன்னார். சொல்லிவிட்டு, "ஸார் அவன்மேல ரொம்ப அக்கறையா இருந்தீங்க" என்றும் சொன்னார். நமக்கு அந்த இடத்தில் நிற்க முடியவில்லை.

இந்த வருஷம் நாம் டிரில் பீரியட் எதையும் கடன் வாங்கவில்லை. பின் பெஞ்சியில் இப்போதும் ஒருவன் உண்டு; வகுப்பு நடுவில் ஆபீசுக்குச் சாக்பீஸ் வாங்கிவர அவனைத்தான் அனுப்புகிறோம். மாடி ஏறி இறங்கி வருவான். சாக்பீஸ் பெட்டியில் நிறைய இருக்கிறது என்பது அவனுக்கும் தெரியும்.

நம் பெண்ணுக்கு இப்போது பன்னிரண்டு வயதாகிறது. வெள்ளிக்கிழமைப் பாட்டு வகுப்பு நடந்துகொண்டுதான் இருக்கிறது. பள்ளிக்கூடம் விட்டதும் சைக்கிளை நேரே அங்கே விட்டுவிடுகிறோம். புத்தகக் கடை இருக்கும் தெருவைத் தவிர்த்து, சுற்று வழியாகப் போகிறோம். பெரும்பாலும் ஆறு மணிக்கு ஐந்து நிமிஷம் முன்னதாகவே திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறோம். ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட வாரத்தில் நாலு நாளாகச் சைக்கிளை எடுக்கவில்லை. பஸ்ஸில் போய் வந்தோம். அந்த வெள்ளிக்கிழமை நாம் போய்ச் சேர்ந்தபோது ஆறேமுக்கால் ஆகியிருந்தது. குழந்தை பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து, நம்முடைய வேஷ்டிக் கரையில் சேறு இல்லாததைப் பார்த்தாள்.

"இந்த வாரம் சைக்கிள் எடுக்கலையாப்பா?" என்று கேட்டாள்.